வீட்டுத்திட்டக் கிராமத்தில் சங்கம் எதற்கு?

அத்திவாரக் கிடங்கை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்களும் உங்களுக்குள் இருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வடக்கு கிழக்கில் நடந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கொடுக்கப்பட்டது. அந்தக் காசு ஒப்பந்தகாரரின் கைக்குப் போகவில்லை. வேலை முன்னேற முன்னேற, கட்டம் கட்டமாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே வந்தது. மேசனைத் தேடுவது, மணல் எடுப்பது, சீமெந்துக்கு விலை பேசுவது எல்லாம் உங்கள் பொறுப்பு.

"மாதர் சங்கம் இருக்கு, கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கு, மரணாதாரச் சங்கமும் இருக்கு. இனி வீட்டுக்காரருக்கும் ஒரு சங்கமா?" என்று ஓர் ஐயா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். புதிய பெயர்ப்பலகை தேவையில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குள்ளேயே வீடு கட்டுபவர்களின் குழு ஒன்று இருந்தால் போதும்.

ஒரு கிராமத்தில் எல்லோரும் ஒரே மாதத்தில் அத்திவாரம் வெட்டினால் மணல் என்ன விலைக்குப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தனியே போய் ஒரு லோட் கேட்பவருக்கு, விற்பவர் சொன்னதுதான் விலை. இருபது குடும்பம் சேர்ந்து கேட்டால் பேரம் பேசலாம். அனுமதிப்பத்திரம் இல்லாத உழவு இயந்திரம் பொலிசில் நின்றால் உங்கள் வேலையும் நிற்கும். அனுமதிக்காகப் பிரதேச செயலகத்துக்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்துக்கும் ஒவ்வொருவராக அலைவதைவிட, எல்லோருக்குமாக இரண்டு பேர் போய்வருவது சுகம்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. நான் போய்வந்த ஒரு கிராமத்தில் ஓர் அக்கா. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், நடக்க ஏலாத தாய். முதற் காசு வந்ததும் மேசன் கேட்ட முன்பணம் முழுவதையும் கொடுத்துவிட்டார். மேசன் அத்திவாரத்தோடு அடுத்த வளவு வேலைக்குப் போய்விட்டார். சுவர் எழும்பினால்தான் அடுத்த கட்டக் காசு வரும்; சுவர் எழும்புவதற்கோ கையில் காசில்லை. தோட்டை அடகு வைத்தார். அப்படியும் மாரிக்கு முன் கூரை ஏறவில்லை. பிள்ளைகளோடு தறப்பாளுக்குள் இன்னொரு மழைக்காலம்.

அதே ஒழுங்கையில் மற்ற வீடுகள் எழும்பிக்கொண்டுதான் இருந்தன. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவரவர் வீடு அவரவருக்கு அவசரம். "மேசனுக்கு முன்பணம் இவ்வளவுதான், எடுத்த வேலையை முடிக்காமல் இந்த ஊரில் அடுத்த வேலை கிடையாது, ஆள்பலம் இல்லாத வீட்டுக்கு முதலில் சிரமதானம்" என்று ஊராக முடிவெடுத்திருந்தால் அந்த மேசன் அங்காலே போயிருக்கமாட்டார். உங்கள் குழு கூடும் முதல் நாளே பேச வேண்டியது இதைத்தான்.

வீடு குடிபுகுந்த பிறகும் வேலை இருக்கிறது. ஒருவர் தன் வளவைக் கிரவல் போட்டு உயர்த்துவார். பக்கத்து வீட்டுக்காரர் மதகை அடைத்துப் படலை வைப்பார். மாரி வந்தால் வெள்ளம் மூன்றாவது வீட்டுக் குசினிக்குள் நிற்கும். வேலி போட முன்னமே வாய்க்கால் எங்கே போகவேண்டும் என்று கூடிப் பேசுங்கள். ஒழுங்கையைத் திருத்தப் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுப்பதென்றாலும் எல்லோரும் கையெழுத்து வைத்துக் கொடுங்கள்.

சங்கத்துக்கு இல்லாத அதிகாரங்களும் உண்டு. உங்கள் வங்கிப் புத்தகத்தை வாங்கி வைக்க எந்தத் தலைவருக்கும் உரிமையில்லை. "உங்கட பெயரை நான்தான் போட்டுத் தந்தனான்" என்று யாராவது பங்கு கேட்டால் கொடுக்காதீர்கள். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் சொல்லுங்கள். காணி எல்லைத் தகராறில் குழு சமாதானம் பேசலாம், எல்லைக் கல்லைப் பிடுங்கி நட ஏலாது. அது நில அளவையாளரின் வேலை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கோபிக்கக்கூடாது. கூட்டத்துக்கு வந்து இருப்பவர்களில் பெரும்பாலும் பெண்கள்; தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஆண்கள். நான் போகிற இடமெல்லாம் இதைத்தான் பார்க்கிறேன். சேர்த்த காசுக்குப் பற்றுச்சீட்டு எழுதவும், கூட்டத்தில் கணக்கை வாசிக்கவும் தெரிந்த பெண்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் தெரிவு நடக்கும்போது பின்வரிசையில் இருந்துவிடாதீர்கள்.

தேநீர் வருகிறது. மேசன் கூலி பற்றிக் கேட்கவேண்டும் என்று சொன்ன அம்மா, இப்போது கேளுங்கள்.