கொடைக்கானல் கிடைக்கல, மணப்பாடு போனோம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)

இந்த எபிசோட் ஒரு தோல்வியில ஆரம்பிக்குது. போன மே மாசம் நாங்க நாலு பேர், நாலு நாள் லீவு போட்டு, ஏதாவது ஒரு ஏரிக்கரையில சும்மா உட்கார்ந்திருக்கணும்னு ஆசைப்பட்டோம். வாட்ஸ்அப் குரூப்ல முதல்ல வந்த பேர் என்னன்னு நான் சொல்லவே வேண்டாம். கொடைக்கானல்.

அந்த ஏரி இயற்கையா வந்தது இல்ல, தெரியுமா? மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் 1863-ல ஓடையை மறிச்சுக் கட்டினது. வெயில் தாங்க முடியாத வெள்ளைக்காரங்களுக்காக வந்த ஊர். இப்ப வெயில் தாங்க முடியாத நாம எல்லாரும் அங்க போறோம். கூட்டம் எந்த அளவுக்குப் போச்சுன்னா, ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7-லேர்ந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துட்டுத்தான் வண்டியில போக முடியும். பாஸ் கிடைச்சுது. ரூம் கிடைக்கல. கிடைச்ச ரூமுக்கு அவங்க சொன்ன வாடகையில நான் ஒரு மாசம் சாப்பிடுவேன்.

அப்பதான் நான் சொன்னேன்: "எங்க ஆச்சி வீடு தூத்துக்குடியில இருக்கு. அங்கேர்ந்து 60 கிலோமீட்டர்ல மணப்பாடு. தண்ணி இருக்கு, மணல் இருக்கு, கூட்டம் இல்ல." ஒருத்தன் கேட்டான், "மே மாசத்துல தூத்துக்குடியா? உனக்குப் பைத்தியமா?" நியாயமான கேள்விதான். வெயிலைப் பத்திப் பொய் சொல்ல மாட்டேன். 11 மணிக்கு மேல வெளியே நின்னா அப்பளம் மாதிரி ஆயிடுவோம். ஆனா காலையில 5 மணியிலேர்ந்து 9 மணி வரைக்கும், அப்புறம் சாயங்காலம் 4 மணிக்கு மேல, அந்தக் கரை வேற மாதிரி. நடுவுல இருக்கிற நேரத்துக்குத் தூக்கம்னு ஒண்ணு இருக்கே.

முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல போய் இறங்கி, ஆச்சி வீட்டுல குளிச்சு, கார் எடுத்துக்கிட்டுக் கிளம்பினோம். ஊரை விட்டு வெளியே வந்ததும் ரெண்டு பக்கமும் உப்பளம். மே மாசம் உப்பு நல்லா விளையற காலம். வெள்ளை வெள்ளையா அம்பாரம் குவிச்சிருக்காங்க. நமக்குக் கண்ணு கூசுது, கூலிங் கிளாஸ் தேடுறோம். அங்க வேலை செய்யற அக்காங்க தலையில ஒரு துண்டோட அந்த வெளிச்சத்துல நாள் முழுக்க நிக்கிறாங்க.

அடுத்து பழையகாயல். போர்டைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். ஏன்னா இந்த ரூட்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இங்கதான் இருக்கு. 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில மார்க்கோ போலோ எழுதி வெச்ச காயல் துறைமுகம் இதுதான்னு சொல்வாங்க. அரேபியாவிலேர்ந்து குதிரை வந்து இறங்கின இடம். இப்ப போய் நின்னா, கடலே கண்ணுக்குத் தெரியாது. அதுக்கும் முன்னாடி பாண்டியர்களோட துறைமுகம் கொற்கை. முத்துக்குப் பேர் போன கொற்கை. அது இன்னிக்குக் கடலிலேர்ந்து 5, 6 கிலோமீட்டர் உள்ள, வயலும் வாழையுமா ஒரு கிராமம்.

என்ன ஆச்சுன்னா, தாமிரபரணி கொண்டு வந்த மண்ணு முகத்துவாரத்தை மூட மூட, கடல் தள்ளித் தள்ளிப் போச்சு. கொற்கை தூர்ந்துச்சு, காயல் வந்துச்சு. காயல் தூர்ந்துச்சு, புன்னைக்காயல் வந்துச்சு. அதுக்கப்புறம் தூத்துக்குடி. துறைமுகம் மணலைப் பார்த்துப் பயந்து இடம் மாறிக்கிட்டே இருந்திருக்கு. இதை ஒரு பக்கம் வெச்சுக்கோங்க, மணப்பாட்டுல தேவைப்படும்.

திருச்செந்தூர் தாண்டி, குலசேகரன்பட்டினம் தாண்டி, கொஞ்ச தூரத்துல மணப்பாடு. தங்குறதுக்கு நாங்க திருச்செந்தூர்லயே ரூம் போட்டோம். மணப்பாட்டுல லாட்ஜ் எல்லாம் எதிர்பார்க்காதீங்க. இன்னொண்ணு, போறதுக்கு முன்னாடி காலண்டர் பாருங்க. வைகாசி விசாகம் வர்ற வாரமா இருந்தா திருச்செந்தூர்ல படுக்கத் திண்ணை கூடக் கிடைக்காது.

ஊரை எப்படிச் சொல்றது? 'கடல்' படம் பார்த்திருக்கீங்களா, 'நீர்ப்பறவை'? அந்தக் கரைதான். கடலுக்குள்ள மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு ஒரு மணல் குன்று. உச்சியில திருச்சிலுவை ஆலயம். புயல்ல மாட்டின ஒரு போர்த்துகீசியக் கப்பல் தப்பிப் பிழைச்சு, அதோட பாய்மரத்துண்டுல செஞ்ச சிலுவையை இங்க நட்டாங்கன்னு ஊர்ல ஒரு கதை உண்டு. கோயிலுக்குக் கீழே, கடலைப் பார்த்த மாதிரி ஒரு குகை. 1542-ல இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கினதா சொல்ற குகை. உள்ளே ஒரு கிணறு. பத்தடி தள்ளி உப்புக்கடல், கிணத்துல நல்ல தண்ணி! மழைத்தண்ணி மணல்ல இறங்கி, உப்புத்தண்ணியை விட லேசா இருக்கிறதால அதுக்கு மேல மிதந்துக்கிட்டு நிக்கிறதுதான் விஷயம். திருச்செந்தூர் நாழிக்கிணறும் அதே மாதிரி கடலோரத்துல இருக்கிற நல்ல தண்ணிதான்.

குன்றுக்கு இந்தப் பக்கம்தான் நாங்க தேடி வந்தது. கருமேனி ஆறு கடல்ல சேர்ற இடத்துல ஒரு கழி. ஏரி மாதிரியே இருக்கும். அலையே இல்ல. இடுப்பளவு தண்ணி, அடியில மணல் தெரியுது. அந்தப் பக்கம் நீளமா ஒரு மணல் திட்டு, அதுக்கு அப்பால கடல் இரையற சத்தம். நாங்க நாலு பேரும் செருப்பைக் கழட்டினதுதான் தெரியும். "கொடைக்கானலாவது ஒண்ணாவது"ன்னு ஒருத்தன் தண்ணிக்குள்ள படுத்துக்கிட்டே கத்தினான். முன்னாடி பைத்தியமான்னு கேட்டவன்தான்.

முதல் நாள் அப்படியே போச்சு. ரெண்டாவது நாள் காலையில எங்களுக்குக் குளிர் விட்டுப்போச்சு. மணல் திட்டுக்கும் குன்றுக்கும் நடுவுல, கழி கடலுக்குத் திறக்கிற வாய் இருக்கு பாருங்க, அங்க போய் மிதக்கலாம்னு இறங்கினோம். தண்ணி மெதுவா இழுத்துது. ஜாலியா இருந்துச்சு, தீம் பார்க்ல மிதக்கிற மாதிரி. நாலு நிமிஷம் கழிச்சுத் திரும்பிப் பார்த்தா நாங்க துணி வெச்ச இடம் ரொம்பத் தூரத்துல இருக்கு. நீந்தினேன். நீந்தின மாதிரியே இல்ல, அதே இடத்துல இருக்கேன்.

கரையில வலை பிரிச்சுக்கிட்டிருந்த ஒரு அண்ணாச்சி எழுந்து ஓடி வந்து கத்தினார்: "ஏ தம்பி! நேரா வராத! அந்தால திட்டுப் பக்கமா ஒதுங்கு!" அவர் காட்டின பக்கம் குறுக்கால நீந்தினதும் கால் தரையில பட்டுது. நாலு பேரும் வந்து சேர்ந்தோம். யாரும் கொஞ்ச நேரம் பேசல.

அவர் திட்டுவார்னு பார்த்தேன். திட்டல. உட்காரச் சொன்னார். "வத்தத் தண்ணி ஓடுற நேரம். உள்ள கெடக்க தண்ணி பூராவும் இந்த வாய் வழியாத்தான கடலுக்குப் போவணும்? அதுல போயி மெதக்கிய?" இதை இங்க அப்படியே சொல்றேன், ஏன்னா கேட்கிறவங்கள்ல யாராவது போவீங்க: கழிக்குள்ள விளையாடுங்க, வாய்ப் பக்கம் போகாதீங்க. இழுக்குதுன்னா எதிர்த்து நீந்தாதீங்க, பக்கவாட்டுல ஒதுங்குங்க. தண்ணியில ஜெல்லி மீன் இருக்கான்னும் இறங்குறதுக்கு முன்னாடி கரையில கேட்டுக்கோங்க.

பேச்சை மாத்தறதுக்காக நான் சொன்னேன், "இடம் சூப்பரா இருக்குண்ணாச்சி. இந்த மணல் திட்டு இருக்கறதாலதான் உள்ள தண்ணி அமைதியா இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். "ஒங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். எங்க படகு எப்படிப் போவும்?"

அப்பதான் அந்த இடத்தை நான் முதல் தடவையா ஒழுங்காப் பார்த்தேன். கொஞ்ச வருஷமா அந்தத் திட்டு வளர்ந்துக்கிட்டே வருது. படகு போக வர வழி அடைபடுதுன்னு மணப்பாட்டு மீனவர்கள் போராட்டம் பண்ணியிருக்காங்க, தூண்டில் வளைவு கட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்காங்க. இங்க பெரும்பாலும் நாட்டுப்படகுதான், பைபர் படகுல என்ஜின் மாட்டினது. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதுல விசைப்படகுதான் கடலுக்குப் போகக்கூடாது, நாட்டுப்படகு போகலாம். தூத்துக்குடி விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கிறதால மீனுக்கு நல்ல விலை கிடைக்கிற ரெண்டு மாசம் அது. நாம லீவுக்குப் போற அதே ரெண்டு மாசம். அந்த நேரத்துலதான் கச்சான் காத்தும் கிளம்பி அலையைத் தூக்குது. சர்ஃபிங் பண்றவங்க மணப்பாட்டுக்குத் தேடி வர்றது அந்த அலைக்குத்தான். திட்டு மேல அந்த அலை உடையற இடத்துல படகு தரை தட்டினா கவிழ்ந்துடும்.

கடலோரத்துல மணல் சும்மா கிடக்கறதில்ல, நடந்துக்கிட்டே இருக்கு. நீரோட்டத்துக்கு அவங்க நீவாடுன்னு சொல்றாங்க. வடக்கேர்ந்து ஓடினா வாநீவாடு, தெக்கேர்ந்து ஓடினா சோநீவாடு. வருஷத்துல பாதி மாசம் மணல் ஒரு பக்கம் போகும், பாதி மாசம் திரும்பி வரும். நடுவுல கல்லைப் போட்டோ பாலத்தைப் போட்டோ மறிச்சா ஒரு பக்கம் மேடு தட்டும், இன்னொரு பக்கம் கரை அரிக்கும். இது பாடப் புத்தக விஷயம், சந்தேகமே இல்ல. இந்தக் கரையில இப்ப எவ்வளவு வேலை நடக்குதுன்னு பாருங்க: கல்லாமொழியில 1,320 மெகாவாட் உடன்குடி அனல் மின் நிலையம், அதுக்கு நிலக்கரி இறக்கக் கடலுக்குள்ள கிலோமீட்டர் கணக்குல பாலம். குலசேகரன்பட்டினத்துல இஸ்ரோவோட ராக்கெட் ஏவுதளம், 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நாட்டினாங்க. மணப்பாட்டுத் திட்டுக்குக் காரணம் எதுன்னு கரையில ஆளுக்கொண்ணு சொல்றாங்க, நான் அந்தப் பஞ்சாயத்துக்குள்ள போகல. அண்ணாச்சி கேட்ட கேள்வி ரொம்பச் சின்னது. நாளைக்குக் காலையில படகை எந்த வழியா இறக்கறது?

ஆழத்துல முத்து இருந்த காலம் வேற. அரசாங்கம் நடத்தின கடைசி முத்துக்குளிப்பு 1961-ல. அதுக்கப்புறம் இந்தக் கரை மீனையும் உப்பையும் பனையையும் நம்பித்தான்.

பனைன்னு சொன்னதும் ஞாபகம் வருது, மத்தியான நேரத்தை என்ன பண்றதுன்னு கேட்பீங்களே. உடன்குடி பக்கத்துலதான் இருக்கு. புவிசார் குறியீடு வாங்கின கருப்பட்டி. சீசன்ல காலையிலேயே போனா பதநீர், ஓலைப்பட்டையில குடிக்கணும், டம்ளர்ல கேட்டு அசிங்கப்படாதீங்க. அப்புறம் சில்லுக்கருப்பட்டி, சுக்கு ஏலக்காய் போட்டது, பையில இடம் வெச்சுக்கோங்க. சாயங்காலம் தேரி. சிவப்பு மணல் மேடு மேடா, ஆயிரக்கணக்கான ஏக்கர், நடுவுல பனையும் கொல்லாமரமும். காத்து இந்த மணலையும் விட்டு வைக்கிறதில்ல, நேத்து இருந்த மேடு இன்னிக்குக் கொஞ்சம் நகர்ந்திருக்கும். எங்க போட்டோவுல எல்லாரும் மஞ்சள்பொடி அப்பின மாதிரி இருக்கோம்.

மூணாவது நாள் காலையில 5 மணிக்குத் திரும்ப மணப்பாடு போனோம். குளிக்க இல்ல. சொல்லப்போனா போறதா வேண்டாமான்னு ராத்திரி சண்டை. போய் நின்னா அண்ணாச்சியோட படகு திட்டுக்கு உள்பக்கம் மணல்ல உட்கார்ந்திருக்கு, நாலு பேர் தள்ளிக்கிட்டு இருக்காங்க. அவர் எங்களைப் பார்த்தார், ஒண்ணும் சொல்லல, தோளை மட்டும் நகர்த்தி இடம் விட்டார். தள்ளினோம். சினிமாவுல பார்க்கிற மாதிரி எல்லாம் இல்ல. ஒவ்வொரு அலையும் வந்து அடியில தண்ணி விடுற அந்த ஒரு நொடியிலதான் தள்ளணும், மத்த நேரம் தள்ளினா நம்ம முதுகுதான் போகும். எங்களுக்கு அது புரியறதுக்கே பத்து அலை ஆச்சு. அரை மணி நேரம் கழிச்சுப் படகு மிதந்துச்சு. அவங்க ஏறிப் போயிட்டாங்க. திரும்பிக் கூடப் பார்க்கல, என்ஜினைப் பிடிக்கிற அவசரம்.

ஒன்பது மணிக்கு மேல வந்தாங்க. கரையிலேயே ஏலம் முடிஞ்சுது. அண்ணாச்சி ஒரு பாலித்தீன் பையில சாளை மீன் அள்ளிப் போட்டு நீட்டினார். காசு எடுத்தேன், கையை ஒதுக்கிட்டுப் போயிட்டார்.

மத்தியானம் தூத்துக்குடியில ஆச்சி அந்தப் பையைத் திறந்து பார்த்து, "எம்புட்டுக்கு வாங்குன?"ன்னு கேட்டாங்க. வாங்கல ஆச்சி, படகு தள்ளினோம், குடுத்தாங்கன்னேன். ஆச்சி ஒரு மீனை எடுத்துச் செவுளைப் பிரிச்சுப் பார்த்தாங்க.

"அப்ப இது கூலில. அருவாமனைய எடு, சுத்தம் பண்ணுவோம்."