மருத்துவக் கல்லூரிக்கு முன்னால் ஓராண்டு

(ஜூபிலி விழாவையொட்டி மங்கலம்பேட்டையில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பிள்ளையை டாக்டராகப் பார்க்க ஆசைப்படாத பெற்றோர் நம் பங்கில் குறைவு. 2017 முதல் நம் மாநிலத்திலும் நீட் தேர்வின் வழியாகத்தான் அந்தப் படிப்புக்கு இடம். முதல் முறை கிட்டாதவர்கள் ஓராண்டு, ஈராண்டு என்று மறுபடியும் உட்கார்ந்து படிக்கிறார்கள். அந்த ஆண்டில் வாரத்துக்கு ஓர் அரை நாளை உங்களிடம் கேட்கவே இங்கு வந்து நிற்கிறோம். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போடுகிறவரிடம், நோயாளிகளிடையே என்ன தொண்டு செய்தாய் என்று கேட்கிறார்கள். இங்கே கேட்பதில்லை. ஒரு மார்க்கும் கூடாது. அது ஒரு வகையில் நல்லதே. வருகிறவர் எதற்காக வருகிறார் என்ற சந்தேகம் நமக்கு வேண்டியதில்லை.

யாருக்குத் தொண்டு? விருத்தாசலம் ஜங்ஷனில் படுத்திருப்பவருக்கு. கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் திருவிழா முடிந்து கடைகளெல்லாம் கட்டிக்கொண்டு போன பிறகும், போக இடமில்லாமல் நிற்கிறவருக்கு. சர்க்கரையால் ஆறாத கால் புண், காசநோய், வலிப்பு, சித்தம் கலங்கிய நிலை, இவையே பெரும்பாலும் இவர்களுடைய நோய்கள். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான். 108-க்குப் போன் செய்தால் வண்டியும் வரும். ஆனால் உள்ளே போனதும் முதல் கேள்வி, "கூட யார் வந்திருக்கிறது?" என்பது. சீட்டு வாங்க ஓர் ஆள், எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போக ஓர் ஆள், ராத்திரி கஞ்சி வாங்கிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். வீடில்லாதவனுக்கு இல்லாதது இந்த ஆள்தான். சாதாரணக் காசநோய்க்கே 6 மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். படுக்கும் இடமே நாளுக்கு நாள் மாறுகிறவர் அதை எப்படி முடிப்பார்? மாத்திரை தீரும் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு அவரைத் தேடிப் போக மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை.

அப்படியானால் அன்பு மட்டும் போதுமா? போதாது என்று நமக்குக் காட்டியவர் அன்னை தெரேசாவே. 1948 ஆகஸ்டில் லொரேட்டோ கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்தவர் நேரே கல்கத்தாச் சேரிக்குப் போகவில்லை. பாட்னாவில் மருத்துவ மிஷன் சகோதரிகள் நடத்திய திருக்குடும்ப மருத்துவமனைக்குப் போய், நோயாளியைப் பராமரிக்கும் அடிப்படைகளைப் படித்தார். தம் சபையார் சோறும் உப்பும் மட்டும் உண்டு வாழலாம் என்று எண்ணியிருந்தவரை, அப்படிச் செய்தால் நீங்களே நோயில் விழுவீர்கள் என்று தடுத்தவர்களும் அச்சகோதரிகளே. (நோன்பிருந்துகொண்டே படிக்கும் நம் பிள்ளைகளின் தாய்மார்களும் இதைக் கவனிக்க!) டிசம்பரில் கல்கத்தா திரும்பினார். அவரிடம் முதலில் வந்து சேர்ந்த மாணவிகளுள் ஒருவர் சகோதரி கெர்ட்ரூட். ஏழைகளிடையே உழைக்கத் தொடங்கிய பிறகே அவர் மருத்துவம் படித்து டாக்டரானார். நாம் சொல்ல வந்த வரிசை இதுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1952-ல் காளிகட்டில் திறந்த நிர்மல் ஹிருதய் இல்லத்தை, லான்செட் என்னும் மருத்துவ ஏட்டின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் பார்த்துவிட்டு 1994-ல் எழுதினார். அங்கிருந்த தூய்மையையும், புண்களைப் பேணும் விதத்தையும், பரிவையும் அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் கடும் வலிக்கு ஏற்ற மருந்து இல்லை என்றார். மருத்துவம் படிக்காத சகோதரிகளும் தொண்டர்களும் சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது என்றார். கடுங்காய்ச்சலில் கிடந்த ஓர் இளைஞனுக்கு வேறு மாத்திரை கொடுத்து வந்திருக்கிறார்கள். பிறகு வந்த டாக்டர் மலேரியாவாக இருக்கலாம் என்று கண்டு மருந்தை மாற்றினார். ஒரு துளி இரத்தத்தைச் சோதித்திருக்கக் கூடாதா என்பது ஃபாக்ஸின் கேள்வி. நம்மவரைக் குறை கூறிவிட்டார் என்று சிலர் வருந்தினார்கள். நமக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. அந்த இளைஞனுக்குப் பரிவும் வேண்டும், சரியான மாத்திரையும் வேண்டும்.

நல்ல சமாரியனை நினைத்துப் பாருங்கள். காயத்துக்கு எண்ணெய் வார்த்துக் கட்டியதோடு அவன் நிற்கவில்லை. தானே வைத்தியனாகிவிடவும் இல்லை. வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான், பணம் கொடுத்தான், திரும்பி வருவதாகச் சொன்னான். திரும்பி வருவதாகச் சொன்ன அந்தப் பகுதியைப் பிரசங்கங்களில் நாம் அதிகம் கேட்பதில்லை.

பாஸ்டன் நகரில் 1985-ல் ஜிம் ஓகானல் என்ற இளம் டாக்டர், புகழ்பெற்ற ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்த கையோடு, வீடற்றவர்களுக்கான சிகிச்சைக்கு வந்து சேர்ந்தார். அங்கே பார்பரா மக்கின்னிஸ் என்ற நர்ஸ், ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வைத்துவிட்டு நோயாளிகளின் கால்களை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவச் சொன்னார். யாரையும் நம்பாதவர்கள்கூடக் கால் கழுவும்போது பேசத் தொடங்கினார்கள். ஓராண்டுக்கென்று வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேருடைய பாதம் கழுவப்படுவதை வருடந்தோறும் பார்க்கிற நமக்கு இது புதிதல்ல. அவர் டாக்டரான பிறகு கற்றதை நீங்கள் முன்னதாகவே கற்கலாம், அவ்வளவே.

ஆகவே சில காரியங்களைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறோம். ஊசி போடவோ, மாத்திரை எழுதவோ, கட்டியைக் கீறவோ யாருக்கும் அனுமதியில்லை. டாக்டரோ நர்ஸோ சொல்லிக் கொடுத்த முறையில், அவர்கள் பார்வையில் மட்டுமே புண்ணைத் துடைக்கலாம். கையுறை வேண்டும், இருமுகிறவர் அருகில் முகக்கவசம் வேண்டும். அவர்களைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுகிறவர் மறுநாள் வர வேண்டாம். பெண்பிள்ளைகள் இருவர் இருவராக, பெரியவர் ஒருவர் துணையோடு போகட்டும். சித்தம் கலங்கித் திரிகிறவரை நாமே இழுத்துக்கொண்டு போக வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அவருக்குப் பாதுகாப்புத் தர வேண்டிய கடமை போலீசாருக்கு உண்டு, அவர்களிடம் சொல்லுங்கள்.

1833-ல் பாரீசில் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். ஓசானாமுக்கு அப்போது வயது 20. எனவே வயதைக் காரணம் காட்டுவதற்கில்லை. வர விரும்புகிறவர்கள், வீட்டில் சொல்லிவிட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் முகப்பில் பெயர் கொடுங்கள். நகவெட்டி, சோப்பு, பழைய பருத்தி வேட்டி, ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வாருங்கள். நோட்டில் முதலில் எழுத வேண்டியது அவருடைய பெயர். கேட்டால் பலரும் சொல்லுவார்கள்.