ஃபெல்லும் ஃபெல்ட்டும்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஹந்தானை மலையைப் பனி மூடிய காலைகளில் நாங்கள் ஒரே குரலில் ஒப்புவித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். கோ – வென்ட் – கோன். சீ – சோ – சீன். டேக் – டுக் – டேக்கன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று நிரல்கள். 'கட் – கட் – கட்' வந்ததும் வகுப்பே சிரிக்கும். "ஏன் டீச்சர் இதற்கு ஒரு விதியில்லை?" என்று கேட்டால், "பாடமாக்குங்கள் பிள்ளைகள், ஒருநாள் உதவும்" என்பார்கள்.

அந்த ஒருநாள் வந்தது. உயர்தரம் வரை விஞ்ஞானத்தைத் தமிழில் படித்த நாங்கள், மருத்துவ பீடத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதவேண்டியதாயிற்று. பயிற்சிக் காலத்தில் தோட்டத்துப் பாட்டி ஒருவர், "தலை சுத்திச்சும்மா, விழுந்துட்டேன்" என்றார். நாங்கள் இரண்டு இடத்திலும் 'ஃபெல்ட்' என்றே எழுதினோம். வைத்திய நிபுணர் வாசித்துவிட்டு, "தலைசுற்றலை உணர்ந்தார், சரி. பிறகு எதை உணர்ந்தார்?" என்று கேட்டார். பாட்டி இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர். அப்படிப்பட்டவர் விழுந்தால் தலைக்குள் இரத்தக்கசிவு உண்டா என்று பார்க்கவேண்டும். அவர் கேட்டிராவிட்டால், விழுந்த செய்தி ஓர் எழுத்தில் மறைந்தே போயிருக்கும்.

டெங்குக் காலத்திலும் இதே கதைதான். 'ஹேஸ் ஹேட்' என்று எழுதினால் மூன்று நாளாகக் காய்ச்சல் இன்னும் இருக்கிறது. 'ஹேட்' என்று மட்டும் எழுதினால் மூன்று நாள் இருந்து விட்டுவிட்டது. டெங்கில் பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது.

டீச்சரிடம் கேட்ட கேள்விக்கு விடை பிறகுதான் தெரிந்தது. இவை விதியில்லாத சொற்களல்ல, பழைய விதியின் மிச்சங்கள். 'ஹெல்ப்' என்பதற்கும் ஒருகாலத்தில் 'ஹோல்ப்' என்ற இறந்தகாலம் இருந்தது. அரிதாகப் பேசப்பட்ட பல வினைகள் 'எட்' விகுதிக்கு மாறிவிட்டன. நாளும் நாவில் புரண்டவை மாறவில்லை. ஆங்கிலத்தில் மிக அதிகம் பயன்படும் பத்து வினைகளும் இவ்வகையினவே. 'கோ' மட்டும் 'வெண்ட்' என்ற வேறொரு வினையிடம் இறந்தகாலத்தைக் கடன் வாங்கியது.

தமிழ் மட்டும் இலேசா? வா – வந்தேன், நில் – நின்றேன், கேள் – கேட்டேன். தமிழ் பழகும் சிங்களத் தோழி ஒருவர் விடுதியில் "நில்லினேன்" என்றபோது நாங்கள் அவரைக் கேலி செய்யவில்லை. முயல்கிறாரே என்று மகிழ்ந்தோம். 'கோட்' என்று சொல்லும் நம் பிள்ளையும் அப்படித்தான். அவள் விதியைப் பிடித்துவிட்டாள், விதிவிலக்குத்தான் மிச்சம். ஆனால் அவளைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவள் பிறகு வாயே திறப்பதில்லை. திறமையிருந்தும் ஆங்கிலத்துக்குப் பயந்து பின்வரிசையில் ஒளிந்த தோழிகள் நம் எல்லோருடைய வகுப்பிலும் இருந்தார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கண்டியில் இருப்போர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இங்கு வந்து தங்கைகளோடு பேசுவோம். வெளிநாட்டில் இருப்போர் தொலைபேசியில் பேசலாம். பிழைவிட்டால் சிரிக்காமல் திருத்துவோம். தங்கைகளே, விழுந்தாலும் எழும்பலாம். ஃபால் – ஃபெல் – ஃபாலன். ரைஸ் – ரோஸ் – ரிஸன்.