கம்பிக் கயிற்றில் ஒரு மலைப் பயணம்

(நமது கிளையின் மூத்த அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"துபாய் போய்விட்டு வந்திருக்கிறீர்கள், அதைப் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள்" என்றார் நம் காரியதரிசி. புர்ஜ் கலீஃபாவைப் பற்றி இந்த மேடையில் ஏற்கெனவே பலர் பேசிவிட்டார்கள். தங்கக் கடைவீதியைப் பற்றி மாமிகள் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். அதனால் நான் துபாயை விட்டு ஒன்றரை மணி நேரம் வடக்கே போய், ஒரு மலையிலிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு இறங்கிய கதையைச் சொல்கிறேன். சிரிக்க வேண்டாம். உங்களில் பாதிப் பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். இன்றில்லாவிட்டால் நாளை அவர்கள் உங்களையும் இப்படி ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தப் போகிறார்கள்.

ஐக்கிய அரபு நாட்டின் ஏழு எமிரேட்டுகளில் வடகோடியில் இருப்பது ராஸ் அல் கைமா. ஒரு பக்கம் வளைகுடாக் கடல், மறுபக்கம் ஹஜர் மலைத்தொடர். அதில் ஜெபல் ஜைஸ் என்ற மலையின் உயரம் 1,934 மீட்டர். நம் ஏற்காட்டைவிட உயரம், கொடைக்கானலைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் ஒரு பச்சை இலையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எல்லாம் மொட்டைச் சுண்ணாம்புக் கல். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலடியில் படிந்த வண்டல்தான் இப்படி மடிந்து எழுந்து நிற்கிறது. கொண்டை ஊசி வளைவுகளாக ரோடு அருமையாகப் போட்டிருக்கிறார்கள். கீழே கடற்கரையில் மின்விசிறி வேண்டும், மேலே போனால் ஸ்வெட்டர் வேண்டும். பாலைவன நாடு என்று பெயர், இந்த மலையில் 2009லும் 2017லும் பனி விழுந்திருக்கிறது.

இந்த மலையில் 2018ஆம் வருஷம் 2.83 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே கயிறாக ஜிப்லைன் கட்டினார்கள். உலகத்திலேயே நீளமானது என்று அப்போது கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. அதில் கவிழ்ந்து படுத்தபடி, கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போக வேண்டும். சுந்தர காண்டத்தில் ஆஞ்சநேயர் மகேந்திர மலையிலிருந்து கிளம்பினாரே, கிட்டத்தட்ட அந்த நிலை. அவருக்கு இடுப்பில் பெல்ட் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். நாங்கள் போனது அதில் இல்லை. அதே மலையில் இன்னொரு ஏற்பாடு உண்டு. ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிய கயிறுகள், நடுவில் ஒரு தொங்கு பாலம், உட்கார்ந்த நிலையில் பயணம், முன்னும் பின்னும் வழிகாட்டிகள். சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். எங்களைப் போன்றவர்களுக்கு இதுவே யதேஷ்டம்.

நான் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் 34 வருஷம் இருந்தவன். எஃகுக் கயிறு எனக்குச் சோறு போட்டது. அதனால் மற்றவர்கள் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் கயிறு எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி, "இங்கேயும் வந்து ஆபீஸ் உத்தியோகமா?" என்று கேட்டாள்.

ஜிப்லைனில் மோட்டார் கிடையாது. மேலே ஒரு முனை, தாழ்வாக ஒரு முனை, இடையில் கயிறு. கயிற்றின் மேல் ஓடும் கப்பி வண்டியில் நம்மை மாட்டிவிடுகிறார்கள். பூமியின் இழுப்புதான் எஞ்சின். கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினால் பத்திரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வீட்டில் துணி உலர்த்தும் கொடியை யோசித்துப் பாருங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டிய கொடியில் ஈரமான ஒன்பது கஜத்தைப் போட்டால், சுவரிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்சம் தளரக் கட்டினால் வராது. 400 மீட்டர் நீளக் கயிற்றின் நடுவில் 80 கிலோ ஆள் தொங்கும்போது கயிறு 10 மீட்டர் தொய்ந்தால், அந்த ஒருவரால் மட்டும் கயிற்றில் ஏறும் இழுவிசை ஏறக்குறைய 800 கிலோ. 20 மீட்டர் தொய்ய விட்டால் அது 400 கிலோவாகப் பாதியாகிவிடும். கயிற்றின் சொந்தக் கனத்தைச் சேர்க்காமல் சொல்கிறேன். ஆக, நடுவில் தொய்ந்திருப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. கணக்குப் போட்டுத்தான் தொய்ய விட்டிருக்கிறார்கள்.

அந்தத் தொய்வினால்தான் கடைசிப் பகுதியில் வேகம் தானே குறைகிறது. மீதியை முனையில் இருக்கும் பிரேக் பார்த்துக்கொள்ளும். எடை குறைந்தவர்கள் எதிர்காற்றில் சில சமயம் மேடை வரை வராமல் நடுவிலேயே நின்றுவிடுவார்கள். அப்போது வழிகாட்டி கயிற்றைக் கையால் பற்றிப் பற்றிப் போய் இழுத்து வருவார். எங்கள் அக்காவின் பேத்திக்கு ஒரு கயிற்றில் அப்படித்தான் ஆயிற்று. அவள் கத்தவில்லை. அந்தரத்தில் உட்கார்ந்து எங்களுக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவுக்குத்தான் கீழே கண்ணில் ஜலம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் பெண்ணும் மாப்பிள்ளையும் ஷார்ஜாவில் இருக்கிறார்கள். 2024 டிசம்பரில் நாங்கள் எல்லோரும் அங்கே கூடியிருந்தோம். அத்திம்பேருக்கு எழுபது பூர்த்தியானதை ஒட்டி, மாப்பிள்ளை யாரிடமும் சொல்லாமல் நாலு டிக்கெட் வாங்கிவிட்டார். அத்திம்பேர், நான், மாப்பிள்ளை, பேத்தி. பெண்மணிகள் மூவரும் கீழே காபி சாப்பிட்டுக்கொண்டு பைகளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று ஏற்பாடு. அவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

அத்திம்பேர் சாமானியர் இல்லை. கயிலாச யாத்திரை நடந்தே போய் வந்தவர். ஆனால் பதினாலு மாசத்துக்கு முன்னால் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. அங்கே போனதும் ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். இருதய வியாதி உண்டா, சமீபத்தில் ஆபரேஷன் உண்டா, முதுகு, கழுத்து எப்படி என்று வரிசையாகக் கேள்வி. மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "அப்பா, இல்லைன்னே போட்டுடலாம். இப்பதான் நன்னா இருக்கேளே, யாருக்குத் தெரியப் போறது?"

அத்திம்பேர் பேனாவை வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் அந்த மலையையே பார்த்தார். பிறகு இருதயம் என்ற இடத்தில் "ஆம்" என்று எழுதி, தேதியையும் போட்டுக் கொடுத்தார். படிவத்தை வாங்கிய பையன் படித்துவிட்டு, மிகவும் மரியாதையாக, "சார், உங்களை அனுப்ப எனக்கு அனுமதி இல்லை" என்றான். நேபாளத்துப் பையன், அழகாக ஹிந்தி பேசினான். அத்திம்பேர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஆனால் முகம் சுண்டிவிட்டது. அவர் போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டதைப் பார்க்க எங்களுக்கே கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் அக்கா, "ஏன்னா, அந்த டிக்கெட் வீணாப் போகணுமா? நான் போறேன்" என்றாள். அக்காவுக்கு 63 வயசு. குளிருக்காகப் பெண்ணின் சல்வாரும் ஷூவும் போட்டிருந்தது சௌகரியமாகப் போயிற்று. அத்திம்பேர் நிமிர்ந்து, "உன்னால முடியுமா?" என்றார். "எனக்கு பிபி கூடக் கிடையாது. உங்களைத் தூக்கிண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவ நான்தான்" என்றாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. பெயரை மாற்றி எழுதிக்கொண்டார்கள். திருமாங்கல்யச் சரடை உள்ளே விட்டுக்கொள்ளச் சொன்னார்கள், கண்ணாடிக்குக் கயிறு கொடுத்தார்கள், எடை பார்த்தார்கள். எடைக்குக் கீழ்வரம்பும் உண்டு, மேல்வரம்பும் உண்டு.

வழிகாட்டி கூட வருகிறார் என்றால் அவர் வேலை என்ன என்று நானும் கவனித்தேன். ஒருவர் நம் பெல்ட்டைக் கப்பியில் மாட்டுகிறார். முக்கியமான பிடி ஒன்று, அது போனால் தாங்க இன்னொன்று. மாட்டியவர் உடனே அனுப்புவதில்லை. இரண்டாமவர் வந்து ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, எதிர் மேடையில் இருப்பவரிடம் ரேடியோவில் கேட்டு, அங்கிருந்து பதில் வந்த பிறகுதான் விடுகிறார்கள். ஏழாவது தடவையும் முதல் தடவை மாதிரியே செய்தார்கள். எங்கள் கிரேன் யார்டில் விபத்து என்பது புதிய ஆளால் வந்ததைவிட "தெரிந்த வேலைதானே" என்பவரால் வந்ததுதான் அதிகம். அதனால் எனக்கு இந்தப் பிள்ளைகளின் அலுக்காத சுபாவம் மிகவும் பிடித்துவிட்டது.

அக்கா முதல் கயிற்றில் கண்ணை மூடிக்கொண்டு ஸ்லோகம் சொன்னாள். இரண்டாவதில் கண்ணைத் திறந்தாள். மூன்றாவதிலிருந்து எனக்கு முன்னால் போய் வரிசையில் நின்றாள். கப்பி ஓடும் சத்தம் காதில் வண்டு மாதிரி ரீங்காரம் போடுகிறது. காலுக்குக் கீழே வெறும் பள்ளம். முதல் இரண்டு விநாடி வயிறு மேலே வருகிறது, பிறகு ஒரு நிசப்தம். அதைச் சொல்லத் தெரியவில்லை.

நடுவில் இளைப்பாறும்போது அந்த நேபாளப் பையன் சொன்னதை உங்களிடம் சொல்ல வேண்டும். அவன் ஊரில் ஆற்றைக் கடக்க இப்படித்தான் ஒரு கயிறு. துயின் என்று பெயர். அதில் தொங்கித்தான் பள்ளிக்கூடம் போனானாம். அங்கே பெல்ட்டும் இல்லை, ஹெல்மெட்டும் இல்லை. கையால் இழுத்துக்கொண்டு போக வேண்டும். விரல் போனவர்கள் உண்டு, உயிர் போனவர்களும் உண்டு. அந்தக் கயிறுகளை எடுத்துவிட்டுப் பாலம் கட்டும் வேலையை நேபாள அரசாங்கம் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. நம் உத்தராகண்டிலும் 2013 வெள்ளத்தில் பாலங்கள் போன பிறகு, மந்தாகினியைக் கம்பிக் கயிற்றுத் தொட்டிலில் உட்கார்ந்து கடந்த கிராமத்து ஜனங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். நாம் காசு கொடுத்து வாங்கும் பயம் அவர்களுக்கு இலவசமாகத் தினம் இரண்டு வேளை கிடைத்துக்கொண்டிருந்தது.

நம் நாட்டிலும் ஜிப்லைன் வந்தாயிற்று. ராஜஸ்தானில் நீம்ரானா கோட்டையில் 2009இல் ஆரம்பித்தார்கள். இப்போது ரிஷிகேஷ், மணாலி என்று எங்கும் இருக்கிறது. எல்லா இடமும் ஒரே தரம் என்று சொல்வதற்கில்லை. 2025 ஜூனில் மணாலியில் ஒரு சிறுமி கயிற்றிலிருந்து விழுந்து காலில் பலத்த காயம் பட்டதைப் படித்தோம். மத்திய சுற்றுலாத் துறை 2018இல் சாகச விளையாட்டுகளுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆனால் நெறி காகிதத்தில் இருக்கிறதா மேடையில் இருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். போகும் இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். பிடி ஒன்றா இரண்டா? மாட்டியதை இன்னொருவர் சரிபார்க்கிறாரா? காற்று அடித்தால் நிறுத்துவீர்களா? கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால், தயங்காமல் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வியாதியைப் பற்றிக் கேட்காமல் கையெழுத்து மட்டும் வாங்கும் இடத்துக்கும் இதுவே என் யோசனை.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்கு டிக்கெட் வாங்கும் முன் டாக்டரையும் கேளுங்கள், அவர்களையும் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் ரத்தம் உறையாத மாத்திரைக்கு, பெல்ட் அழுத்தினாலே ரத்தம் கட்டிக்கொள்ளும். பயண இன்ஷூரன்ஸிலும் பல பாலிசிகள் சாகச விளையாட்டையும் ஏற்கெனவே இருக்கும் வியாதியையும் சேர்ப்பதில்லை. கிளம்பும் முன் சின்ன எழுத்தைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் கடைசி மேடையிலிருந்து திரும்பி வந்தபோது அத்திம்பேர் பார்வை மாடத்தில் பைனாகுலரோடு நின்றிருந்தார். அக்கா போன கயிறெல்லாம் அவருக்குத் தெரியவில்லையாம். தெரிந்த வரை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். "மூணாவதுல ஏன் காலை ஆட்டினே?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு எல்லோரும் ஒரு பாறை ஓரமாக உட்கார்ந்து கொண்டுபோயிருந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். மாப்பிள்ளை அன்று வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் பேசினார்.

பூணூலைக் கழற்ற வேண்டுமா என்று கூட்டம் தொடங்குமுன்பே ஒருவர் கேட்டார். வேண்டாம், சட்டைக்குள் இருந்தால் போதும். வேஷ்டிக்கு மட்டும் அனுமதி இல்லை. பல்செட், காது மெஷின் இரண்டையும் கழற்றிக் கீழே யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள். வேறு சந்தேகம் இருந்தால் இப்போது கேட்கலாம், காபி வர இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்கிறார்கள்.