புண் ஆறினால் போதுமா?



சில ஆண்டுகளுக்கு முன், தேங்காய் உடைக்கும்போது பாராங் கத்தி தவறி என் அம்மாவின் ஆள்காட்டி விரலில் ஆழமாக வெட்டிவிட்டது. கிளினிக்கில் தையல் போட்டார்கள். புண் ஆறியது. "விரல் மரத்த மாதிரியே இருக்குய்யா" என்றார் அம்மா. "போகப் போகச் சரியாயிரும்மா" என்றேன். பிறகு ஒரு நாள் அடுப்படியில் அந்த விரல் சுட்டுக் கொப்பளித்திருந்தது. கண்ணால் பார்த்த பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது. வெட்டுப்பட்டது தோல் மட்டுமல்ல, நரம்பும்தான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

நரம்பு அறுந்தால், அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள இழைகள் சிதைந்துவிடும். 1850-இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பில் இதைக் கண்டு எழுதினார். ஆனால், உடலோடு இணைந்திருக்கும் முனையிலிருந்து புதிய இழைகள் துளிர்க்கும். அவற்றின் வேகம் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். 15 சென்டிமீட்டர் போக ஐந்து மாதம் ஆகும். வழி தவறினால் தழும்புக்குள் சிக்கிக்கொள்ளும்.

இரு முனைகளும் எட்டினால் தைத்துவிடலாம். இடைவெளி இருந்தால் இழுத்துத் தைக்கக் கூடாது. காலின் பின்புறத்திலிருந்து ஒரு நரம்பை எடுத்து அங்கே பொருத்துவது நெடுங்கால வழக்கம். கைக்கு உணர்வு திரும்பலாம். ஆனால் பாதத்தின் வெளியோரம் மரத்துப்போகும்.

இதற்கு மாற்றாக வந்தவைதான் உடலுக்குள் கரையும் குழாய்கள். முனைக்கொன்றாக இரு பக்கமும் செருகித் தைத்துவிட்டால், குழாய் தழும்பைத் தடுத்து, இழைகளுக்கு வழிகாட்டும். முன்பு பயன்பட்ட சிலிகோன் குழாய் கரையாது. நரம்பை நெருக்கினால் மறுபடியும் கத்தி வைக்க வேண்டும். பாலிகிளைகாலிக் அமிலக் குழாயோ, கரையும் தையல் நூலின் அதே பொருள். சில மாதங்களில் உடலில் கரைந்துவிடும். மெக்கின்னன், டெல்லன் என்ற இரு மருத்துவர்கள் 1990-இல் இதைக் கை நரம்புகளில் பொருத்திய அனுபவத்தை வெளியிட்டார்கள்.

இது மந்திரக் குழாய் அல்ல. பொதுவாக 3 சென்டிமீட்டருக்குள் உள்ள இடைவெளிக்கும், விரல் நரம்பு போன்ற சிறிய நரம்புகளுக்குமே ஏற்றது. பெரிய நரம்பு, நீண்ட இடைவெளி என்றால் சொந்த நரம்பே இன்றும் முதல் தேர்வு.

நேயர்களே, எந்த வழியானாலும் காலம் முக்கியம். நரம்பின் தொடர்பு ஓராண்டுக்கு மேல் அறுந்தே இருந்தால், தசை மீள்வது கடினமாகிக்கொண்டே போகும். ஆகவே கையில் ஆழமாக வெட்டுப்பட்டால், தையல் போடும் முன்பே "விரல் நுனியில் உணர்வு இல்லை" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அன்று நான் கேட்கத் தவறிய கேள்வியை நீங்கள் கேளுங்கள்.