மழைக்காட்டில் ஒரு கேமரா



மழைக்காட்டில் படமெடுக்கப் போகிறேன் என்றால், யானையிடம் பயமில்லையா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். பயம் நியாயந்தான். ஆனால் கேமராக்காரருக்கு அங்கே அன்றாடம் மல்லுக்கட்டு வெளிச்சத்தோடு.

வால்பாறைக்கு வாருங்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக எஞ்சி நிற்கும் காடுகள். கிளைகள் கூரையாக மூடிக்கொள்ள, தரையைத் தொடும் வெயில் நூற்றில் ஓரிரு பங்குதான். அந்த இருட்டில்தான் சோலைமந்தி: கரிய உடம்பு, நரைத்த பிடரி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு. உச்சிக்கிளையில் இருப்பதை அண்ணாந்து எடுத்தால், கேமரா வெள்ளை வானத்துக்கு அளவெடுத்துக்கொள்ளும். குரங்கு வெறும் நிழலாக விழும். வெளிச்ச அளவை நாமே ஒன்றிரண்டு படி கூட்ட வேண்டும். கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் சற்றுப் புள்ளிபுள்ளியாக வரும், வரட்டுமே. காட்டுயிர்ப் படக்கலைஞர் மா. கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளைப் படங்களை யாரும் புள்ளி எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. மலைச்சாலையில் மேல்பக்கம் நின்றால், கீழ்ச்சரிவு மரத்தின் உச்சி கண்மட்டத்துக்கு வந்துவிடும். மலையே போட்டுத்தந்த பரண்!

வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்தில் சோலைமந்திகள் சாலைக்கே வருகின்றன. பிஸ்கட்டை நீட்டினால் முகம் நிறையப் படம் கிடைக்கும். நீட்டாதீர்கள். தின்பண்டத்துக்குப் பழகிய குரங்கு வண்டிச் சக்கரத்தில் சாகிறது. அவை தரையில் இறங்காமல் கடக்கட்டும் என்று, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், தீயணைப்புக் குழாயைக் கொண்டே. அதில் குட்டியோடு ஒரு தாய் போகும் படம் எனக்குப் பெரிது.

இருவாச்சிப் பறவை விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, ஒரு இடுக்கு மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண் கொண்டுவரும் அத்திப்பழத்தை நம்பித்தான் உள்ளே உயிர்கள். மரத்தடியில் நாம் ட்ரைபாடை ஊன்றினால், ஆண் தூரத்துக் கிளையிலேயே தயங்கி நிற்கும், உள்ளே பசி. கூட்டுப் படமே வேண்டாம் என்பது என் கட்சி. பழுத்த அத்திமரத்துக்குத் தள்ளி நில்லுங்கள், பறவை தானே வரும்.

கிளம்புகிறவர்களுக்கு: காட்டுக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். அட்டைக்கு, முழங்கால் வரை ஏறும் நெருக்கமான துணிக் காலுறை. கேமரா பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். ஊர் திரும்பியதும் பையைத் திறந்து காயவையுங்கள், ஈரம் தங்கினால் லென்சுக்குள் பூஞ்சை பிடிக்கும்.