பால் ஜுரம்

(கறம்பக்குடியில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குக் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



சங்கக் கடனில் வாங்கிய கறவைப் பசு, கன்று ஈன்ற மறுநாள் எழுந்திருக்கமாட்டாமல் படுத்துவிட்டால், திருஷ்டி என்றெண்ணிக் காலத்தை வீணாக்குகிறோம். பெரும்பாலும் அது பால் ஜுரமே. பெயரில் ஜுரம் உண்டு. உடலில் சூடு இராது.

பால் சுரக்கத் தொடங்கியதும் இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து மிகுதியாக மடிக்குச் சென்றுவிடுகிறது. எலும்பிலிருந்து அதை ஈடுசெய்ய இரண்டொரு நாட்களாகும். இக்குறைவே வியாதிக்குக் காரணமென்று 1925-ல் எடின்பரோவில் டிரையர், கிரெய்க் என்பார் எடுத்துரைத்தனர்.

மூன்றாம் ஈற்று முதல், அதிகம் கறக்கும் பசுக்களுக்கே இது மிகுதி. பெரும்பாலும் ஈன்ற மூன்று நாட்களுக்குள் வரும். முதலில் நடை தள்ளாடும், காதுகள் சில்லிடும், மூக்கு நுனி உலரும். பின்பு பசு படுத்துக் கழுத்தை விலாப்புறம் மடித்துக்கொள்ளும். அதற்கப்பால் நினைவிழந்து சில மணி நேரத்தில் இறக்கவுங் கூடும்.

ஆகையால் உடனே கால்நடை வைத்தியரை அழைப்பியுங்கள். 1962 என்ற தொலைபேசி எண்ணுக்கும் தெரிவிக்கலாம். அவர் கால்சியம் மருந்தை இரத்தக் குழாயில் மெதுவாகச் செலுத்துவார். வேகமாகச் செலுத்தினால் இருதயம் நின்றுவிடக் கூடுமாதலால், பிறர் ஊசி போடலாகாது. அவர் வரும்வரை வைக்கோல் மூட்டைகளை அண்டை கொடுத்துப் பசுவை நெஞ்சின்மேல் நிமிர்த்தி வையுங்கள். வாயில் கஷாயமோ கஞ்சியோ ஊற்றாதீர்கள். விழுங்கச் சக்தியற்ற பசுவுக்கு அது நுரையீரலில் இறங்கிவிடும். குணமான பின்னும் இரண்டொரு நாள் மடியை ஒட்டக் கறக்கலாகாது.

தக்க வேளையில் மருந்து சென்றால், படுத்த பசு பெரும்பாலும் அன்றே எழுந்து நிற்கும். குடும்பமும் கடன் சுமையினின்று தப்பும்.